இரண்டாம் ஆண்டுப் பூ: திருநகர் மாடித் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தோட்டம் மதுரை திருநகரில் ஒரு தனி வீட்டின் மொட்டை மாடி. வளர்ப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் அழைக்கிறது. அவருடைய புகார் ஒன்றுதான். கிழங்கிலிருந்து வளரும் பூச்செடிகள் எதை வாங்கித் தொட்டியில் வைத்தாலும் முதல் ஆண்டு பூத்துவிடுகின்றன, மறு ஆண்டிலிருந்து வெறும் இலையோடு நின்றுவிடுகின்றன. புதிதாக வாங்கினால் மறுபடியும் ஒரு முறை பூக்கின்றன. "காசு கொடுத்த வருஷம் மட்டும்தான் பூப்போம் என்று இவை சத்தியம் செய்திருக்கின்றனவா தம்பி?" என்று கேட்டார்.

கேள்வி வேடிக்கையாக இருந்தாலும் அதற்குள்ளேயே பதிலின் பாதி இருக்கிறது. வாங்கி வந்த கிழங்கு முதல் ஆண்டு தரும் பூ, உண்மையில் அதை வளர்த்து விற்றவருடைய பூ. மொட்டு உள்ளே உருவாகி, அதற்கான உணவும் நிரம்பிய பிறகுதான் கிழங்கு கடைக்கு வருகிறது. நாம் தண்ணீர் காட்டினால் போதும், அது வெளியே வந்துவிடும். நம் வளர்ப்புக்குக் கிடைக்கும் மதிப்பெண் இரண்டாம் ஆண்டுப் பூவில்தான் தெரியும்.

மாடியில் என்ன இருந்தது

முக்கியமானவை பத்து ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குகள். நர்சரிகளில் இதை அமரில்லிஸ் என்று சொல்லி விற்கிறார்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில், கழுத்து வரை மண்ணுக்குள் புதைத்து, தொட்டிக்கு இரண்டு மூன்றாக வைக்கப்பட்டிருந்தன. பெங்களூரில் இருக்கும் மகள் இணையத்தில் வாங்கி அனுப்பிய துலிப், ஹையாசிந்த் கிழங்குகள் தனியாக ஒரு தட்டுத் தொட்டியில் இருந்தன. மழை லில்லி இரண்டு தொட்டி. சம்பங்கி ஒரு பெரிய குரோ பேக்கில். மாடிப்படிக்கு அடியில், தோட்டக் கணக்கிலேயே சேராத ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் மே பூ.

இந்த மே பூவைப் பலரும் ஃபுட்பால் லில்லி என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். சிவப்புப் பந்து போல ஒரே தண்டில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் விரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்கேடோக்ஸஸ் இனம். இந்தத் தொட்டிக்கு உரம் இல்லை, மார்கழியிலிருந்து பங்குனி வரை தண்ணீரும் இல்லை. அது இருப்பதே வீட்டில் பலருக்கு நினைவில் இல்லை. ஆனால் கோடை மழை ஒன்று விழுந்ததும் அது மட்டும் ஆண்டு தவறாமல் பூத்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த ஆய்வின் முதல் தடயம் அதுதான். கவனிப்பு கிடைத்த தொட்டிகள் பூக்கவில்லை, கவனிப்பே கிடைக்காதது பூக்கிறது என்றால், கோளாறு கவனிப்பில் இருக்க வேண்டும்.

இடமும் தண்ணீரும்

மாடியின் மேற்குப் பக்கம் திறந்தவெளி. சித்திரை, வைகாசியில் மதுரையின் பகல் வெப்பம் 38 முதல் 40 டிகிரி வரை ஏறும்; சிமெண்ட் தளத்தின் மேல் வைத்த கறுப்புத் தொட்டிக்குள் மண் அதைவிடவும் சுடும். பாசனம் போர் தண்ணீர். தொட்டி விளிம்புகளில் வெள்ளை உப்புப் படலம் தெளிவாகத் தெரிந்தது. மண் கலவையில் பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவு. மாடியில் பாரம் குறைய இது நல்லதுதான்; கத்தரி, தக்காளிக்கும் பரவாயில்லை. ஆனால் இந்த ஊருக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதமும் நார்க் கழிவு குடித்த நீரை விடுவதே இல்லை. கிழங்கு ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில்தான் அதன் காலடி நனைந்தே கிடக்கிறது.

கத்தரிக்கோல்

பராமரிப்பு பற்றிக் கேட்டபோது டீச்சரம்மா எதையும் மறைக்கவில்லை. பூ முடிந்த கையோடு இலைகளை அடியோடு வெட்டிவிடுவதாகச் சொன்னார். கார்த்திகையில் மறுபடியும் ஒரு வெட்டு. பொங்கலுக்கு வீட்டுக்கு ஆட்கள் வரும்போது சோர்ந்து தொங்கும் இலைகள் கண்ணுக்கு நன்றாக இருக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது: அவருடைய அப்பா திருமங்கலம் பக்கம் மல்லிகை பயிரிட்டவர்.

மதுரைக்காரரிடம் பூச்செடியைக் கொடுத்தால் மல்லிகையின் இலக்கணத்தில்தான் அதைப் படிப்பார். மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து வரும் புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். வெட்டாத செடி சரியாகப் பூக்காது. புவிசார் குறியீடு பெற்ற ஊர்ப்பூவின் சட்டம் அது, அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கிழங்குப் பூவுக்கு இந்தச் சட்டம் நேர் எதிர். அதன் மொட்டு தளிரில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. பூத்து முடிந்த பிறகு வரும் இலைகள் சம்பாதிப்பதைத்தான் கிழங்கு ஒரு குதிர் போல அடைத்து வைக்கிறது. அந்த இலைகளை வெட்டினால் அடுத்த ஆண்டின் பூவை வெட்டியதாகவே கணக்கு.

ஹிப்பியாஸ்ட்ரத்தில் இந்தக் கணக்கை எண்ணியே பார்க்கலாம். இதன் கிழங்கு நான்கு இலைகளுக்கு ஒரு பூந்தண்டு என்ற முறையில் வளர்கிறது: நான்கு இலை, ஒரு மொட்டு, மறுபடி நான்கு இலை, ஒரு மொட்டு. ஓர் ஆண்டில் எட்டு இலை விடும் கிழங்குக்குள் இரண்டு பூந்தண்டுக்கு இடம் இருக்கிறது. உள்ளே உருவான மொட்டு உடனே வெளியே வராது. ஓராண்டுக்கு மேலும் உள்ளேயே வளரும். எனவே இந்த ஆண்டு இலையை வெட்டினால் இந்த ஆண்டே தண்டனை கிடைக்காது. தாமதமாகத்தான் வரும், அதனால்தான் காரணம் கண்ணில் படுவதில்லை.

ஒரு கிழங்கை அறுத்துப் பார்த்தோம்

ஆனி மாதத்தில் எல்லாக் கிழங்குகளையும் தோண்டி எடுத்தோம். ஒன்று, வேர் கிளம்பும் அடித்தட்டு அழுகிப் போயிருந்தது. மற்றொன்றை ஆய்வுக்காக நெடுக்காக இரண்டாக அறுக்க அனுமதி கேட்டேன். "பூக்காததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன், அறுங்கள்" என்றார்.

அந்த வெட்டில் தெரிந்ததுதான் இந்த நிகழ்வில் மிக முக்கியமான சான்று. வெள்ளைச் செதில்களுக்கு இடையே, அடித்தட்டுக்குச் சற்று மேலே, காகிதம் போல உலர்ந்த பழுப்பு நிறத் துணுக்குகள் இரண்டு இருந்தன. அவை மொட்டுகள். அதாவது கிழங்கு பூக்கும் சக்தியை இழந்துவிடவில்லை. மொட்டை உருவாக்கியது; அதை வளர்க்கும் அளவுக்கு உணவு இல்லாததால் உள்ளேயே காயவிட்டது. நடுவில், குண்டூசித் தலை அளவுக்குப் பச்சையாக இன்னொரு மொட்டு உயிரோடு இருந்தது. டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கத்தரிக்கோலைச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

தையல் நாடாவால் சுற்றளவு அளந்தோம். வாங்கியபோது பாக்கெட்டில் 26/28 என்று அச்சிட்டிருந்தது. அது சென்டிமீட்டரில் கிழங்கின் சுற்றளவு. இப்போது எதுவும் 25-ஐத் தாண்டவில்லை. சில 17-க்கு இளைத்திருந்தன. 20-க்கும் குறைந்த கிழங்கிடம் பூவை எதிர்பார்ப்பது பொதுவாக வீண். கிழங்கின் ஒவ்வொரு செதிலும் ஓர் இலையின் அடிப்பகுதி என்பதால், எத்தனை இலை முழு ஆயுள் வாழ்ந்தது என்பதை இந்தச் சுற்றளவே சொல்லிவிடும்.

வெட்டியது மட்டும் காரணம் இல்லை. அண்டை வீட்டு யோசனையின்படி வாரந்தோறும் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றப்பட்டது. அதில் தழைச்சத்து மிகுதி. இலை கொழுகொழுவென்று வந்தது, வந்ததை வெட்டினார்கள், மறுபடி வந்தது. கிழங்கின் இருப்பெல்லாம் இந்தச் சுழற்சியிலேயே கரைந்திருக்கிறது. இரண்டு கிழங்குகளின் இலைகளிலும் செதில்களிலும் செந்நிறத் திட்டுகள் இருந்தன. இது பூஞ்சணத்தால் வரும் செந்திட்டு நோய், ஈரம் தங்கும் இடத்தில் பரவும். இலை இடுக்கில் மாவுப்பூச்சியும் இருந்தது. அது எல்லா மாடியிலும் இருப்பதுதான்.

துலிப் தட்டு

இதைச் சுருக்கமாக முடித்திருப்பேன். ஆனால் மதுரையில் இப்போது ஆண்டுக்கு ஆண்டு அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

துலிப்புக்கு இரண்டு பருவங்கள் வேண்டும், இரண்டும் நம்மிடம் இல்லை. இலை காய்ந்த பிறகு, கோடையில், 17 முதல் 20 டிகிரி வெப்பத்தில் கிழங்குக்குள் பூ உருவாகிறது. அதற்குப் பிறகு 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம் குளிர் கிடைத்தால்தான் தண்டு நீளும். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007-இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டம் மார்ச் கடைசியில் பூத்துக் குலுங்குகிறது என்றால், அதற்கு முந்தைய மாதங்களின் பனிதான் காரணம். மதுரையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. கொடைக்கானலில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். ஆனால் பகல் வெயில் அதைக் கலைத்துவிடும்.

மகள் அனுப்பிய கிழங்குகள் ஏற்கெனவே குளிரூட்டப்பட்டு வந்தவை. அதனால் தை மாதத்தில் குட்டைத் தண்டில் ஓரிரு பூ பூத்தன, சில நாளில் இதழ் கொட்டின. மாசி வெயிலில் இலை பழுத்துவிட்டது. துலிப்பில் தாய்க்கிழங்கு ஆண்டுதோறும் தன்னைக் கரைத்துக்கொண்டு புதுக்கிழங்குகளை விட்டுச் செல்லும். இலைக்கு நீண்ட, குளிர்ந்த வசந்தம் கிடைத்தால்தான் அவற்றில் ஒன்றாவது பருக்கும். இங்கே தோண்டியபோது பூண்டுப் பல் அளவில் சில கிடைத்தன. அவை பூக்கா.

"ஃபிரிட்ஜில் வைத்திருந்தேனே" என்றார். காய்கறித் தட்டில், ஆப்பிளோடும் மாம்பழத்தோடும் வைத்திருந்தார். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு துலிப் கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். குளிர் கிடைத்தாலும் பயன் இல்லை. இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு: ஹையாசிந்த், நார்சிசஸ் கிழங்குகள் பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், நஞ்சு உள்ளவை. அவற்றைச் சமையலறை ஃபிரிட்ஜில் பெயர் எழுதாத பையில் வைப்பது ஆபத்து. ஹையாசிந்தை வெறும் கையால் தொட்டாலே பலருக்கு அரிக்கும்.

என் முடிவு கண்டிப்பானது. மதுரையில் துலிப்பை மறு ஆண்டுக்குக் காப்பாற்ற முயல வேண்டாம். ஆசை இருந்தால் குளிரூட்டிய கிழங்கை வாங்கி, ஒரு முறை பூக்க வைத்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய பூவைப் போல முடிந்ததும் உரக்குழியில் போட்டுவிடலாம். நெதர்லாந்திலேயே தொட்டியில் அவசரப்படுத்திப் பூக்கவைத்த துலிப்பைப் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். 'ஒரு முறை வாங்கினால் ஆண்டுதோறும் பூக்கும்' என்று அச்சிட்ட பாக்கெட்டைச் சமவெளியில் விற்பவரிடம் எனக்குக் கோபம் உண்டு.

செய்த மாற்றங்கள்

எஞ்சிய எட்டு ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குகளையும் ஒவ்வொன்றாகத் தனி மண்தொட்டிக்கு மாற்றினோம். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகலைத்தான் தரும். கலவை: செம்மண், பருமணல், மக்கிய சாணம் மூன்றும் சம அளவு. கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். செந்திட்டு இருந்த இரண்டை, வெளிச் செதில்களை உரித்து, நிழலில் உலர்த்தி, தனி மூலையில் வைத்தோம்.

உரத்தில் புண்ணாக்கை நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, புரட்டாசி வரை மட்டும். அடுப்புச் சாம்பல் போடலாமா என்று கேட்டார். பொட்டாஷ் அதிலும் உண்டு. ஆனால் காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரோடு சாம்பலும் சேர்ந்தால் மண் மேலும் காரமாகும். வேண்டாம் என்றேன். மாதம் ஒரு முறை, சேமித்த மழைநீரால் உப்பு கழுவிப் போகும் அளவுக்குத் தொட்டியை நன்றாக நனைக்கச் சொன்னேன். தொட்டிகள் கிழக்குப் பக்கம் நகர்ந்தன: காலை வெயில் நான்கைந்து மணி நேரம், மேற்கில் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை. இலையை யாரும் வெட்டக் கூடாது.

ஓய்வுதான் கடினமான பகுதி. குளிர் நாடுகளில் ஹிப்பியாஸ்ட்ரத்தை 13 டிகிரி அளவில் எட்டு முதல் பத்து வாரம் உலர வைப்பார்கள். நமக்கு அந்தக் குளிர் கிடையாது. ஆனால் துலிப்பைப் போல இதற்குக் குளிர் கட்டாயமும் இல்லை. தென்னமெரிக்கச் செடியான இதற்கு வறட்சியே போதுமான சைகை. சிக்கல் என்னவென்றால் நமக்கு வறட்சி தேவைப்படும்போதுதான் மழை பெய்கிறது. ஐப்பசி முதல் மழையிலேயே தொட்டிகளைச் சன்ஷேடுக்குக் கீழே கொண்டுவந்து, கார்த்திகை தொடங்கியதும் தண்ணீரை முழுவதும் நிறுத்தினோம். இலை தொங்கியது, பழுத்தது. கையால் இழுத்தால் தானாக வரும் இலையை மட்டும் எடுக்கலாம் என்பது விதி. பொங்கலுக்கு வந்த உறவினர்கள் காய்ந்த தொட்டிகளைப் பார்த்துத் துக்கம் விசாரித்தார்களாம்.

தை முடிந்ததும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர். கிழங்கின் மூக்கு, அதாவது நுனியில் துளிர், தெரியும் வரை பிறகு கொஞ்சமாக.

விளைவு

அந்தப் பங்குனியில் எட்டில் மூன்று பூத்தன. மூன்றுமே தோண்டியபோது 23 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தவை; ஒவ்வொன்றும் ஒரே தண்டு. மற்ற ஐந்தும் இலையோடு வந்தன, ஆனால் இந்த முறை அந்த இலைகள் புரட்டாசி வரை உயிரோடு இருந்தன. அடுத்த ஆண்டு ஆறு பூத்தன, அவற்றில் இரண்டு இரட்டைத் தண்டு விட்டன. சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டன என்பதில் டீச்சரம்மாவுக்குக் குறை. தண்ணீர் தொடங்குவதை மாசிப் பாதிக்குத் தள்ளினால் பூவும் தள்ளிப் போகும். அதை அவர் அடுத்த முறை செய்து பார்ப்பார்.

ஆவணியில் ஒரு சோதனை வந்தது. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் செம்புள்ளியும் கொண்ட லில்லிப் புழு ஒரே இரவில் இரண்டு தொட்டிகளின் இலையைப் பாதி தின்றுவிட்டது. நம் ஊர்ச் செங்காந்தளையும் விடாத புழு இது. அதிகாலையில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டதே போதுமானதாக இருந்தது. இலையின் மதிப்பு புரிந்துவிட்டதால் அவர் அந்த வாரம் முழுவதும் விடியுமுன் மாடியில்தான் இருந்தார்.

மழை லில்லியில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. தினமும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, மூன்று வாரம் காயவிட்டு, நன்றாக ஒரு முறை நனைத்ததும் சில நாளில் மொட்டு வந்தது. மே பூவில் கை வைக்கவே இல்லை. நெரிசலான பக்கக் கிழங்குகளைப் பிரிக்கலாமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றேன்.

சம்பங்கியின் கணக்கு வேறு. ஒரு முறை பூத்த கிழங்கு மறுபடி பூப்பதே இல்லை. அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்துப் பூக்கும். நிலக்கோட்டைப் பக்கம் வயலில் மறுதாம்பாக, அதாவது பெயர்க்காமல் அதே இடத்தில் மறுபடி தளிர்க்க, இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டுப் பிறகு கிழங்கைப் பெயர்த்து மாற்றி நடுவார்கள். குரோ பேக்குக்குள் அவ்வளவு காலம் இடம் போதாது. இங்கே கட்டிப்போன கொத்து முழுவதையும் பெயர்த்து, 25 முதல் 30 கிராம் எடையுள்ளவற்றை மட்டும் பொறுக்கி, சில வாரம் நிழலில் உலரவைத்து ஆடிக்குள் நட்டோம். சிறியவற்றைத் தனிப் பையில் போட்டிருக்கிறோம்.

செந்திட்டு வந்த ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குகள் இரண்டும் இன்னும் பூக்கவில்லை. சுற்றளவு 19-லிருந்து 21-க்கு வந்திருக்கிறது, புதுத் திட்டு இல்லை. அவற்றை மற்ற தொட்டிகளோடு சேர்ப்பதா என்பதை அடுத்த வைகாசியில், இலை முழுவதும் விரிந்த பிறகு பார்த்து முடிவு செய்வோம். மகளிடமிருந்து இந்த ஆண்டும் துலிப் பாக்கெட் ஒன்று வந்தது. அதை டீச்சரம்மா கொடைக்கானலில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.